இரண்டாவது சீசனுக்கு என்னிடம் கதை கேட்காதே

சேகர்,

வியாழக்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை சந்தோஷப்பட முயற்சி செய்தேன். இரண்டாவது தடவை சமையலறையில் நின்றபடி கேட்டேன். மூன்றாவது தடவை உங்க அப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். “அம்மா, ரெண்டாவது சீசனுக்கு ஓகே ஆயிடுச்சு. பத்து பாகம் வேணுமாம். அப்பாவோட படகுத்துறைக் கதையை இன்னும் இழுக்கலாம்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதையெல்லாம் சும்மா பேசி அனுப்புங்க, போதும்.” சும்மா பேசி அனுப்ப வேண்டுமாம். நான் பேசி அனுப்பினால் நீ அதை வேகம் கூட்டிக் கேட்பாய், பஸ்ஸில் கேட்பாய், பாதியில் நிறுத்துவாய். அதனால்தான் எழுதுகிறேன். அதுவும் தமிழில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னை உட்கார வைத்து நான் சொல்லிக்கொடுத்த தமிழ், இப்போது நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். படி. ஒவ்வொரு சொல்லாக நின்று படி. பாங்காக்கில் உனக்கு அவ்வளவு நேரம் கூடவா இல்லை?

சீரியல் எழுதும் இந்தத் தொழிலுக்கு நீ வந்ததற்கு நான்தான் காரணம் என்று பேட்டிகளில் சொல்கிறாய். உண்மைதான். உனக்கு ஏழு வயதிலிருந்து பதினேழு வயது வரை நம் வீட்டு முன்னறையில் நான் செய்த வேலை அது, ஆங்கிலச் சீரியல்களுக்குப் பர்மிய மொழியில் சப்டைட்டில் எழுதுவது. கம்பெனியிலிருந்து சிடி வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு வரி கேட்பேன், நிறுத்துவேன், எழுதுவேன், நேரத்தைக் குறிப்பேன், மறுபடி ஓடவிடுவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமே இல்லாத படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய். சிடியைப் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் இது லண்டனா அமெரிக்காவா என்று நீயே சொல்லிவிடுவாய். அமெரிக்கச் சீரியல் எட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கறுத்துப்போய் மறுபடி வரும். விளம்பரத்துக்கு விட்ட இடம் அது. கறுப்பதற்கு முந்தின நொடியில் யாராவது கதவைத் தட்டுவார்கள், துப்பாக்கியை நீட்டுவார்கள், ‘உன்னிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும்’ என்பார்கள். கறுப்பு முடிந்து பார்த்தால் கதவைத் தட்டியவன் பீட்சா கொண்டுவந்தவனாக இருப்பான். லண்டன் சிடிகளில் பாதிக்கு அந்த இடைவெளியே கிடையாது. அங்கே வீட்டுக்கு வீடு வருடத்துக்கு ஒரு முறை டிவிக்கென்று கட்டணம் கட்டுகிறார்கள், அந்தப் பணத்தில் ஓடும் சேனலில் விளம்பரம் வராது என்று கம்பெனியில் சொன்னார்கள். பார்க்கிறவனை எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பயமுறுத்திப் பிடித்து வைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

வரிகளும் அப்படித்தான். அமெரிக்கப் பாகத்துக்கு நான் எழுதும் வரிகளில் பாதிதான் லண்டன் பாகத்துக்கு வரும். அமெரிக்காவில் எல்லோரும் மனதில் இருப்பதை வாயால் சொல்லிவிடுவார்கள். அப்பன் மகனிடம், மனைவி கணவனிடம், கொலைகாரன் போலீஸிடம், ஒருவர் பாக்கியில்லை. போனை வைக்கும்போது கூட ‘உன்னை நேசிக்கிறேன்’. லண்டனில் ஒருத்தி வாசலில் நிற்பாள், மழைக்கோட்டைக் கழற்றுவாள், கெட்டிலைப் போடுவாள், ஒரு நிமிடம் ஓடிவிடும், எனக்கு எழுத ஒரு சொல் இருக்காது. நடிகர்களுக்கு நம் தெருக் குழாயடியில் நிற்பவர்களின் முகம். பல் கோணல், கண்ணுக்குக் கீழே பை, கசங்கின சட்டை. போன மாதம் நீதிபதியாக வந்தவர் இந்த மாதம் மீன்கடைக்காரராக வருவார். எல்லாவற்றையும் ஒருத்தரே உட்கார்ந்து எழுதியிருப்பார், ஆறு பாகம், சில நேரம் மூன்றே பாகம். ஆறாவது பாகம் முடிந்ததும் நீ அழுவாய். “அடுத்த சிடி எங்கம்மா?” “இல்லடா, அவ்வளவுதான்.” “அவன் வீட்டுக்குத் திரும்பிப் போனானா?” “தெரியாது. அவங்க சொல்லல.” அமெரிக்காவில் பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதுவார்களாம். ஆட்கள் பார்க்கிறவரை ஓட்டுவார்கள்; செத்தவன் கூடத் திரும்பி வருவான். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஒரு தலைமையாசிரியர் கதை? தன்னை எல்லோரும் மதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அற்ப மனிதர். லண்டனில் எடுத்ததில் கடைசிப் பாகத்திலும் அவர் சாப்பாட்டு மேசையில் யாரும் உட்காரவில்லை. அதே கதையை அமெரிக்காவில் திரும்ப எடுத்தார்கள். அதில் அவர் உள்ளுக்குள் தங்கமான மனிதர், பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். நீயும் எழுந்து நின்று தட்டினாய்.

இதையெல்லாம் போன வருடம் போனில் சொன்னபோது நீ சிரித்தாய். “அம்மா, நீங்க இன்னும் வெள்ளைக்காரனுக்கு அடிமை. அவன் எடுத்தா எல்லாம் உசத்தி.” நான் போனை வைத்துவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். லண்டன்காரன் மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது. என் தாத்தாவின் அப்பாவை நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி இந்த ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வைத்தவன் அவன். அவனுடைய மாளிகைச் சீரியல்களைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் மொழிபெயர்த்தேன். வெள்ளித் தட்டில் டீ வரும். அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்று எட்டுப் பாகத்திலும் ஒருத்தர் கேட்கமாட்டார். ஒன்றில் ரங்கூன் என்று ஒரே ஒரு தடவை வந்தது. யாரோ ஒரு துரை அங்கே காய்ச்சலில் செத்துப்போனான், அவ்வளவுதான் நாம். லண்டனிலும் முடிவே இல்லாமல் தெருச்சண்டையை வருடக்கணக்காக ஓட்டுகிற சீரியல் இருக்கிறது, அதையும் எழுதியிருக்கிறேன். அமெரிக்காவிலும் ஒரே வரியைப் பத்துத் தடவை ஓடவிட்டு எழுத வைத்த சீரியல்கள் உண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு பேசவில்லை. ஆனால் தப்பு செய்தவனைத் தப்பு செய்தவனாகவே விட்டுவிட்டு நிறுத்தும் தைரியத்தை லண்டன் சிடிகளில்தான் அதிகம் பார்த்தேன். உன் சீரியலில் அது ஒரு இடத்திலும் இல்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

உன் முதல் சீசன் வந்தபோது நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஞாயிறு மத்தியானம், நம் வட்டாரத்துக்குக் கரண்ட் விடும் முறை. எதிர்வீட்டு அம்மா டோ மியா தன் போனை நம் டிவியில் மாட்டிக் கொடுத்தார், ஒரு தட்டு நிறையப் பொரித்த சுரைக்காய் வேறு கொண்டுவந்தார். உங்க அப்பா சவரம் செய்து, பண்டிகைக்குக் கட்டும் கைலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என் வேடத்தில் நடித்த பெண்ணைப் பார்த்து நான் சிரித்தேன்; அவளுக்கு அடுப்படியில் கூட வியர்க்கவில்லை. முதல் இரண்டு பாகம் அப்படியே போயிற்று. மூன்றாவதில் படகுத்துறை வந்தது. மழை. பலகை ஒடிகிறது. ஒரு தொழிலாளிக்குக் கால் போகிறது, அவனை அதற்கு முந்தின காட்சியிலேயே நீ காட்டிவிட்டாய், கையில் சாராயப் பாட்டிலோடு. பிறகு முதலாளி ஒரு காகிதத்தை நீட்டுகிறான், ‘இவன் குடித்திருந்தான் என்று கையெழுத்துப் போடு.’ உங்க அப்பாவாக நடித்தவன் காகிதத்தைக் கிழித்து ஆற்றில் எறிகிறான். ‘குடித்தவனாக இருந்தாலும் அவன் மனிதன்’ என்று பேசுகிறான். கூலிக்காரர்கள் கை தட்டுகிறார்கள். நான் மழையில் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறேன். வயலின் வாசிக்கிறார்கள். டோ மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்க வீட்டுக்காரர் இவ்வளவு பெரிய மனுஷரா, எங்களுக்குத் தெரியாமப் போச்சே” என்றார். உங்க அப்பா எழுந்தார். டோ மியாவுக்குப் புரியக்கூடாது என்று என்னிடம் தமிழில் கேட்டார்.

“நான் கையெழுத்துப் போடலன்னு அவனுக்கு எவன் சொன்னான்?”

அவர் போய் பால்கனியில் நின்றார். மறுநாள் டீக்கடையில் எல்லோரும் அவரை ‘ஹீரோ’ என்று கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து அவர் டீக்கடைக்குப் போவதில்லை. முப்பது வருடமாகப் போன கடை.

அவர் கையெழுத்துப் போட்டார், சேகர். உனக்கு ஒன்பது வயது அப்போது. போட்டாதாங் படகுத்துறையில் ஒரு சரக்குக் கம்பெனியில் அவர் டாலி கிளார்க். எத்தனை மூட்டை ஏறியது, எத்தனை இறங்கியது என்று எழுதும் வேலை. படகுக்கும் கரைக்கும் நடுவில் போடும் பலகை விரிசல் விட்டிருக்கிறது என்று கோ டின் திங்கட்கிழமையே வந்து சொன்னார். கியாக்தானிலிருந்து வேலைக்கு வந்துபோன கூலிக்காரர் அவர். “எழுதி வைக்கிறேன்” என்று அப்பா சொன்னார். எழுதவில்லை. மறந்துவிட்டார், அவ்வளவுதான்; அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. புதன்கிழமை பலகை ஒடிந்தது. இயந்திரப் பெட்டி ஒன்று கோ டின்னின் காலில் விழுந்தது. மழையெல்லாம் இல்லை, சுள்ளென்று வெயில். சாயங்காலம் மேனேஜர் காகிதத்தை நீட்டினார், தொழிலாளி குடித்திருந்தார் என்று. பலகை விஷயம் வெளியே வந்தால் தன் பெயரும் வரும் என்று அப்பாவுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து குழாயில் கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

“போட்டுட்டேன்.”

“என்னத்த?”

“கையெழுத்த.”

“அவர் குடிச்சிருந்தாரா?”

“இல்ல.”

எட்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. சோறு, தண்ணீர், விளக்கு, சாவி, இவ்வளவுதான். இதை வைத்து என்னை நியாயவாதியாக்கி இன்னொரு பாகம் எழுதிவிடாதே. நான் பேசாமல் இருந்தேனே தவிர, கியாக்தானுக்குப் போய் உண்மையைச் சொல்லவும் இல்லை. அவர் சம்பளம் எனக்கு வேண்டியிருந்தது. உன் பள்ளிக்கூடம் இருந்தது. அந்தக் காகிதத்தால் கோ டின்னுக்கு நஷ்டஈடு ஒரு காசு கிடைக்கவில்லை. அவர் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கியாக்தானில் ஒரு வெற்றிலைக் கடை போட்டு உட்கார்ந்தார். அப்பா மாதம் ஒரு முறை ஒரு பை அரிசியோடு பஸ் ஏறி அங்கே போவார். மன்னிப்புக் கேட்கப் போனார் என்று நினைக்காதே, அந்தச் சொல்லை அவர் எடுத்ததே இல்லை. ஆற்றில் தண்ணீர் ஏறியதைப் பற்றிப் பேசிவிட்டு வருவார். எட்டாவது மாதம் அப்படிப் போய்த் திரும்பி வந்தவரிடம் நான் “குடை எங்க?” என்றேன். “பஸ்ல விட்டுட்டேன்” என்றார். “போய்க் குளிங்க” என்றேன். நாங்கள் மறுபடி பேச ஆரம்பித்தது அப்படித்தான். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. நாற்பது வருடத்தில் உங்க அப்பா என்னிடம் ‘உன்னை நேசிக்கிறேன்’ என்று ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. உன் மூன்றாவது பாகத்தில் மட்டும் நாலு தடவை சொல்கிறார். கிளார்க் வேலையை அவர் விட்டதும் நியாயத்துக்காக அல்ல. அடுத்த வருடம் கம்பெனி படகுகளை விற்றுவிட்டது, வேலை போயிற்று.

அப்படியானால் அந்தக் கதை உனக்கு எப்படி வந்தது? நான் சொன்னேன். இதை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. உனக்குப் பத்து வயதிருக்கும், அரிசிப் பையைப் பார்த்து “அப்பா யாருக்கும்மா கொண்டு போறார்?” என்று கேட்டாய். “கால் போன ஒருத்தருக்கு. அவர் குடிச்சிருந்தார்னு எழுதச் சொன்னாங்க, அப்பா மாட்டேன்னுட்டார். அதான் அந்த மாமாவுக்கு அப்பா மேல பிரியம்” என்றேன். நீ கண்ணை அகல விரித்துக் கேட்டாய். உன் கண்ணில் உன் அப்பா பெரிய மனிதனாக இருக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கே அது தேவைப்பட்டது. அந்த நாட்களில் வேலையிலும் நான் ஒன்று செய்தேன். ஒரு லண்டன் சீரியலில் துரோகம் செய்த கணவன் திரும்பி வருகிறான், மனைவி ஒன்றும் பேசாமல் தட்டை எடுத்து மேசையில் வைக்கிறாள், இரண்டு நிமிடம் பேச்சே இல்லை. சப்டைட்டில் கெட்டுப்போய்விட்டது என்று ஆட்கள் நினைப்பார்கள், ஏதாவது போடுங்கள் என்று கம்பெனியில் சொன்னார்கள். ‘உன்னை மன்னித்துவிட்டேன்’ என்று அவள் வாயில் நான் போட்டேன். அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ அப்படிச் சொன்னாளா?”

“இல்ல.”

“அப்புறம் நீ ஏன் எழுதின?”

ஆகவே உன்னை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். திட்டத்தான் போகிறேன். நான் சொன்ன பொய்யில் கோ டின் குடிக்கவில்லை. நான் உன் அப்பாவைக் கழுவித் துடைத்தேனே தவிர, அந்த மனிதர் கையில் பாட்டிலைக் கொடுக்கவில்லை. அதை நீ கொடுத்தாய். ஏன் என்று அப்போதே போனில் கேட்டேன். “எழுதுற ரூம்ல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்கம்மா. அவன் நிஜமாவே குடிச்சிருந்தாத்தான் அப்பா பண்ணது இன்னும் பெருசாத் தெரியும். பார்க்கிறவங்களுக்கு ஒரு காரணம் வேணும்ல” என்றாய். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த உன் மேலதிகாரி மேசையைச் சுற்றி உட்காரவைத்த அந்தப் பத்துப் பேரில் ஒருத்தர் கூடக் கேட்கவில்லையா, இவருக்கு ஒரு குடும்பம் இருக்குமே என்று? பெயரை மாற்றினாய், ஒத்துக்கொள்கிறேன். கியாக்தானை மாற்றினாயா? ஒற்றைக் காலை மாற்றினாயா? வெற்றிலைக் கடையை மாற்றினாயா? அந்த ஊரில் அது யார் என்று தெரியாதவர் ஒருவர் கூட இல்லை. என் பொய்யையும் மேனேஜர் பொய்யையும் எடுத்து ஒன்றாகத் தைத்து, இசை போட்டு, ஊர் முழுக்க ஓட்டிவிட்டாய். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு மேசை இழுப்பறைக்குள் கிடந்த பொய் அது.

கோ டின் நாலு வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். அவர் மனைவி டோ சான் போன மாதம் நம் வீட்டுக்கு வந்தார். அறுபத்தைந்து வயதில், முட்டிவலியோடு, பஸ்ஸில் வந்து நாலு மாடி ஏறி வந்தார். டீ கொடுத்தேன், தொடவில்லை. உங்க அப்பாவைப் பார்த்துத்தான், வாத்தியாரைக் கூப்பிடுகிற மரியாதையோடு, பேசினார்.

“சயா, என் வீட்டுக்காரர் வாயில ஒரு சொட்டு சாராயம் பட்டதில்ல. உங்களுக்குத் தெரியும். இப்ப என் மகள் கடையில நிக்கிறா, வர்றவன் போறவன் எல்லாம் ‘குடிகாரன் மகளே, ஒரு பாட்டில் இருக்கா’ன்னு கேக்குறான். அவர் உயிரோட இருந்தப்ப காலுக்கு ஒண்ணும் கிடைக்கல. போகட்டும். செத்த பிறகு அவருக்கு நீங்க பண்ற மரியாதை இதுதானா?”

அப்பா நின்றுகொண்டிருந்தார். “நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் குடிச்சிருந்தார்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்” என்றார். இருபது வருடத்தில் முதல் தடவையாக அதை வெளியாள் ஒருத்தர் முன்னால் சொன்னார்.

“தெரியும்” என்றார் டோ சான். “நஷ்டஈடு கேட்டுப் போனப்ப அந்தக் காகிதத்தை என் கண்ணு முன்னால வச்சாங்க. உங்க கையெழுத்து எனக்குத் தெரியும். தெரியாமலா உங்க அரிசியைச் சாப்பிட்டோம்? பசிச்சது, சாப்பிட்டோம். அவருக்கும் தெரியும்.” அவ்வளவுதான் சொன்னார். எழுந்து படியிறங்கினார். நான் கூடப் போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தேன், வேண்டாம் என்றுவிட்டார்.

ஏறக்குறைய இருநூறு தடவை அந்தக் கடையில் உங்க அப்பா உட்கார்ந்து ஆற்றைப் பற்றிப் பேசியிருப்பார். எதிரில் இருந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். அவர் ஒரு தடவை கூடக் காட்டிக்கொள்ளவில்லை. இது அன்பா, வெறுப்பா, வேறு வழியில்லாமையா என்று எனக்குத் தெரியவில்லை, சேகர். உன் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி நடிக்காதே என்றுதான் கெஞ்சுகிறேன்.

அப்பா மூன்று நாள் உட்கார்ந்து பர்மிய மொழியில் இரண்டு பக்கம் எழுதினார். திங்கட்கிழமை பலகையைப் பற்றிக் கோ டின் சொன்னது, தான் எழுத மறந்தது, புதன்கிழமை நடந்தது, கையெழுத்து, எல்லாம். நான் திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன், கூடாது என்றுவிட்டார். போன சனிக்கிழமை இருவரும் கியாக்தானுக்குப் போனோம். டோ சானின் மகள், மா வின் என்று பேர், கடையில் இருந்தாள். அப்பா கடை முன்னால் வெயிலில் நின்று காகிதத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். குரல் ஆடவில்லை. ‘குடித்திருந்தார்’ என்ற சொல் வந்தபோது மட்டும் நின்று, மூச்சு விட்டுக்கொண்டு படித்தார். முடிந்ததும் மா வின், “இன்னொரு தடவை படிங்க. பக்கத்துக் கடைக்காரங்க இப்பத்தான் வந்தாங்க” என்றாள். படித்தார். கொஞ்ச நேரத்தில் எதிர்த்த மெக்கானிக் கடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். “இவங்களுக்கும்” என்றாள். மூன்றாவது தடவையும் படித்தார். யாரும் கை தட்டவில்லை. ஒருவர் காறித் துப்பிவிட்டுப் போனார். மா வின் காகிதத்தை வாங்கிக் கடைத் தூணில் டேப் போட்டு ஒட்டினாள். டோ சான் உள்ளேயிருந்து வெளியே வரவேயில்லை. எங்களை உட்காரச் சொல்லவில்லை. பஸ்ஸில் உங்க அப்பா ஜன்னலோரம் தூங்கிவிட்டார். இந்த மாதத்தில் அவர் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது கேட்டுக்கொள். இரண்டாவது சீசனுக்கு என்னிடமிருந்து ஒரு சொல் வராது. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த மேசையில் போட்டாயானால், கடைசிப் பாகத்துக்கு நல்ல காட்சி கிடைத்தது என்று தூணையும் காகிதத்தையும் படம் பிடித்தாயானால், எனக்குப் போன் செய்யாதே. அவர்கள் இழுக்கச் சொன்னால், முடிந்துவிட்டது என்று சொல்லு. அந்தச் சொல்லைச் சொல்ல உன்னை நான் வளர்த்திருக்கிறேனா இல்லையா என்று பார்க்கிறேன். மூன்றாவது பாகத்தில் அந்தப் பாட்டிலை வெட்டி எடுக்கச் சொல். முடியாது என்பார்கள், ஒப்பந்தம் என்பார்கள். அப்படியென்றால் உன் பெயரை எடுக்கச் சொல். ஏன் எடுத்தாய் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் காரணத்தைச் சொல். வேலை போகும் என்கிறாயா? போகட்டும். உன் அப்பாவுக்கு அன்றைக்கு இருந்த பயம்தான் அது. அந்தப் பயத்துக்கு அவர் இடம் கொடுத்ததால் வந்தது என்ன என்று இப்போது உனக்குத் தெரியும்.

பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் இந்தச் சமயத்தில் நீ இந்த ஊருக்கு வர முடியாது என்று எனக்குத் தெரியும். வரச் சொல்லவில்லை. ஆனால் போன் பண்ண முடியும். மா வின்னுக்கு உன் வயதுதான். ஞாயிறு காலையில் வெற்றிலை வந்து இறங்குவதற்கு முன்னால் அவளுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். “என் மகன் பேசினா எடுப்பியாம்மா?” என்று பஸ் ஏறுவதற்கு முன்னால் கேட்டேன். “எடுப்பேன். ஆனா நான்தான் பேசுவேன். அவர் கேக்கணும்” என்றாள்.

நம்பரை அப்பா உனக்கு அனுப்புவார். கூப்பிடு. நீ ஒன்றும் பேசாதே.

அம்மா